கனவு கண்டீர்களா? நேற்று என்ன நடந்தது?

கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறும் முன் அவருடைய தாய் கோமளத்தம்மாள் ஒரு கனவு கண்டார். மகன் வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு பெரிய கூடத்தில் அமர்ந்திருக்கிறார். நாமக்கல் நாமகிரித் தாயார் தோன்றி, பிள்ளையின் வழியில் குறுக்கே நிற்காதே என்கிறாள். கடல் கடந்து போனால் ஊரும் உறவும் ஒதுக்கிவிடும் என்று அதுவரை மறுத்துக்கொண்டிருந்த தாய், அந்தக் கனவுக்குப் பிறகு சம்மதித்தார் என்கிறது ராமானுஜனின் வாழ்க்கை வரலாறு. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1919 மார்ச்சில், அதே சென்னையில் இன்னொரு கனவு. நோயிலிருந்து முழுதாகத் தேறாத உடம்போடு காந்தி வந்திருந்தார். கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தார். விசாரணையே இல்லாமல் ஆட்களைச் சிறையில் அடைக்க வழிசெய்யும் ரௌலட் மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அதை எப்படி எதிர்ப்பது என்று நண்பர்களோடு பேசிப் பேசியும் வழி பிடிபடவில்லை. அதையே யோசித்தபடி படுத்தார். விடிவதற்குச் சற்று முன், தூக்கமும் விழிப்பும் கலந்த நிலையில், கனவில் தோன்றுவதுபோல ஓர் எண்ணம் உதித்தது: நாடு முழுவதும் ஒரு நாள் தொழிலை நிறுத்திவிட்டு, உண்ணாமல் பிரார்த்தனையில் இருந்தால் என்ன? காலையில் முதல் வேலையாக ராஜாஜியிடம் சொன்னார். இதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6 அன்று நாடெங்கும் கடைகள் மூடின.

இரண்டையும் தெய்வச் செயல் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களோடு வழக்காட நான் வரவில்லை. ஆனால் நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்தே பார்க்கக்கூடிய ஒன்று இந்த இரண்டு கனவுகளிலும் இருக்கிறது. கோமளத்தம்மாள் மாதக்கணக்கில் ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தார்: ஆசாரமா, மகனின் எதிர்காலமா? காந்தியும் ஒரே கேள்வியோடுதான் கண்ணை மூடினார். பகல் கேட்ட கேள்வியை இரவு எடுத்துக்கொண்டது. அதுவும் அவரவர் மொழியிலேயே எடுத்துக்கொண்டது. அந்தத் தாய்க்குக் குலதெய்வத்தின் குரலில் விடை வந்தது. காந்திக்கு உண்ணாநோன்பின் வடிவில் வந்தது.

நம் வீடுகளில் கனவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது: “இதுக்கு என்ன பலன்?” இனி நடக்கப்போவதைப் பற்றிய கேள்வி அது. கனவை ஆராய்கிறவர்களோ எழுபது ஆண்டுகளாக வேறொரு திசையில் பார்க்கச் சொல்கிறார்கள். நேற்று என்ன நடந்தது? போன வாரம் எதைப் பேசாமல் விழுங்கினீர்கள்? எதை நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது? கனவின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

விடியற்காலையில் நடப்பது

1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு பழைய மூளை அலைக் கருவியைத் தூசி தட்டி எடுத்தார். எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்தார். பையன் நன்றாகத் தூங்குகிறான். ஆனால் கருவியின் முள், விழித்திருப்பவருடைய கண்போல வேகமாக ஆடுகிறது. கருவியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். கோளாறு இல்லை. அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் காட்சி காட்சியாகக் கனவு சொன்னார்கள். 1953-ல் தன் பேராசிரியர் நதானியேல் கிளைட்மனுடன் சேர்ந்து அவர் இதை வெளியிட்டார். ‘ரெம்’ தூக்கம் என்று இன்று சொல்லப்படும் நிலை அதுதான்.

ஓர் இரவில் நான்கைந்து முறை இந்த நிலை வந்து போகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். போகப் போக நீண்டு, விடியும் நேரத்தில் அரை மணியைத் தாண்டுவதும் உண்டு. பெரியவர்களின் தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ இப்படிக் கழிகிறது. மற்றத் தூக்கத்திலும் கனவு உண்டு. ஆனால் நீளமான, கதைபோலத் தொடர்கிற, உணர்ச்சி மிகுந்த கனவுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சாமத்துக் கனவு பலிக்க நெடுநாள் ஆகும், வைகறைக் கனவு உடனே பலிக்கும் என்று நம் பழைய கணக்கு சொல்கிறது. அதை ஏற்படுத்தியவர்கள் ஒன்றைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். விடியற்காலைக் கனவு மற்றவற்றைவிட நீளமானது, தெளிவானது. அது முடிகிற இடத்தில் விழிப்பும் வந்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. அவ்வளவு துலக்கமான ஒன்று ஏதோ முக்கியமான சேதியாகத்தான் இருக்க வேண்டும் என்று மனிதர் நினைத்ததில் வியப்பில்லை. கவனிப்பு சரி, அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

அந்த நேரத்தில் மூளையின் நிலையும் விசித்திரமானது. அச்சம், ஆசை போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் உட்பகுதிகள் விழித்திருக்கும்போது இருப்பதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கின்றன. ‘இது நடக்குமா, இதில் அர்த்தம் உண்டா’ என்று எடைபோடும் முன்பகுதி அடங்கிக் கிடக்கிறது. செத்துப்போன தாத்தா நம்முடைய இன்றைய அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினாலும் நாம் கேள்வி கேட்காததற்கு இதுவே காரணம். புறக்காட்சி தாறுமாறாக இருந்தாலும் உள்ளே ஓடும் உணர்ச்சி மட்டும் அசலானது. கனவில் வந்த பயம் நிஜப் பயம். கனவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனியும் அதுதான்.

கனவுக் காட்சிக்கு ஏற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி, ரெம் தூக்கத்தில் மூளை கை கால்களைச் செயலற்று நிறுத்திவைக்கிறது. சிலருக்குச் சில நேரம் அந்தப் பூட்டு திறப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், விரலை அசைக்க முடியாது, யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்து அழுத்துவதுபோல இருக்கும், கத்த நினைத்தாலும் குரல் வராது. கிராமத்தில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள். சரியாகத் தூங்காத நாட்களிலும், மல்லாந்து படுக்கும்போதும் இது கூடுதலாக வருகிறது. ஓரிரு நிமிடங்களில் தானாக விலகிவிடும். தேர்வுக்குக் கண்விழித்துப் படிக்கும் விடுதி மாணவரும், இரவுப் பணி மாறி மாறி வரும் செவிலியரும் இதை அறிந்து வைத்திருந்தால் வீண் பயம் குறையும்.

பல் விழுந்தால் சாவா?

கனவுப் பலன் நூல்களுக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. பொன்னவன் இயற்றிய ‘கனா நூல்’ என்ற பழைய செய்யுள் நூலே இருக்கிறது. பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் தொங்கும் மெலிந்த புத்தகங்கள் அந்த மரபின் கடைசிக் கொழுந்துகள். பாம்பு துரத்தினால் கடன், கடித்தால் பீடை விலகும். யானை துரத்தினால் பிள்ளையாருக்கு வேண்டுதல் பாக்கி. கல்யாணம் கண்டால் துக்கம், துக்கம் கண்டால் கல்யாணம். பல் விழுந்தால் உறவில் சாவு.

இந்தப் பல் கனவு உலகெங்கும் பலருக்கு வருகிறது. இஸ்ரேலில் 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 210 மாணவர்களிடம் இதைப் பற்றி விசாரித்தது. பல் விழும் கனவு மனக்கவலையோடு தொடர்புடையது என்றால் கவலை மிகுந்தவர்களுக்கு அது கூடுதலாக வந்திருக்க வேண்டும். அப்படித் தெரியவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கம் இருந்தவர்களுக்கே கூடுதலாக வந்திருந்தது. தூக்கத்தில் பல்லை இறுகக் கடிப்பதை மூளை உணர்ந்து, அதற்கொரு காட்சி கட்டியிருக்கலாம். சிறுநீர் முட்டும் இரவில் கழிப்பறையைத் தேடித் தேடி அலையும் கனவு வருவதை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு யாரும் பலன் பார்ப்பதில்லை. பல் கனவுக்குப் பிறகு ஊரிலிருக்கும் அத்தைக்கு என்ன ஆகுமோ என்று மருகும் பெண்ணிடம், ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

“ஆனா எனக்குப் பலிச்சுதே!” என்பார்கள். பலித்திருக்கும், மறுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. ஆளுக்கு நான்கு கனவு என்றாலும் ஓர் இரவில் 28 கோடிக்கு மேல். இவற்றில் சில, அடுத்த சில நாட்களில் நடக்கும் ஏதாவது ஒன்றோடு பொருந்தாமல் போனால்தான் அதிசயம். பொருந்திய ஒன்றை ஊருக்கே சொல்கிறோம். பொருந்தாத ஆயிரம், பல் துலக்கி முடிப்பதற்குள் மறந்துபோகிறது.

இதில் நம் மனத்தின் ஓரவஞ்சனையும் கலந்திருக்கிறது. கேரி மோர்வெட்ஜ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கா, தென்கொரியா, இந்தியா மூன்று நாட்டு மாணவர்களிடமும் கேட்டார்கள். மறைந்திருக்கும் உண்மையைக் கனவு காட்டுகிறது என்று இந்திய மாணவர்களில் 74 சதவீதம் பேர் நம்பினார்கள். அமெரிக்கரில் 56 சதவீதம். 2009-ல் வெளிவந்த இந்த ஆய்வின் மற்றொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஏற்கெனவே நாம் நினைப்பதற்கும் விரும்புவதற்கும் ஒத்துப்போகிற கனவையே அர்த்தமுள்ளது என்று எடுத்துக்கொள்கிறோம். பிடிக்காத ஒருவர் கனவில் கெட்டது செய்தால் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்கிறோம். பிடித்தவர் அதையே செய்தால் ‘வெறும் கனவு’ என்று தள்ளிவிடுகிறோம். பல குடும்பங்களில் மருமகளுக்கு எதிராகவோ பங்காளிக்கு எதிராகவோ ஒரு கனவு சாட்சியாக வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாட்சியம் செல்லாது. கனவு கண்டவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

வேலைக்குப் போன பிறகும் வரும் கணக்குப் பரீட்சை

ஐம்பது வயதில் வங்கி மேலாளர். மகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர். அவருக்கு இன்னும் கனவில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை வருகிறது. மணி அடித்துவிட்டது, ஹால் டிக்கெட்டைக் காணோம். பேனாவில் மை இல்லை. வினாத்தாளில் ஒரு கணக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கனவு வராதவர் குறைவு என்றே நினைக்கிறேன். ஒரு மூன்று மணி நேரத் தேர்வு வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட சமூகம் நாம்.

சிக்மண்ட் ஃபிராய்ட் தன் புகழ்பெற்ற கனவு நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நூல் 1899 நவம்பரில் கடைக்கு வந்தது; 600 பிரதிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின. தேர்வுக் கனவு தேறியவர்களுக்குத்தான் வருகிறது என்கிறார் அவர். தான் உண்மையிலேயே தோற்ற தடயவியல் மருத்துவப் பாடம் தன் கனவில் வந்ததே இல்லை, தேறிய பாடங்களே வருகின்றன என்று தன்னையே எடுத்துக்காட்டாக வைக்கிறார். மறுநாள் ஏதோ பொறுப்பு காத்திருக்கும்போது, தவறிவிடுவோமோ என்ற பயம் எழும்போது, பழைய தேர்வு திரும்பி வருகிறது. அன்றும் இப்படித்தான் பயந்தாய், ஆனால் தேறினாயே என்ற ஆறுதலும் அதில் இருக்கிறது என்பது அவர் விளக்கம். ஃபிராய்டின் பல முடிவுகளைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். எல்லாக் கனவையும் அடக்கிவைத்த ஆசையாகப் பார்த்ததை நானும் ஏற்கவில்லை. ஆனால் முந்தைய பகலின் ஏதோ ஒரு துணுக்கு கனவுக்குள் கண்டிப்பாக இருக்கும் என்ற அவருடைய கவனிப்பு நிலைத்து நிற்கிறது. அடுத்த முறை கணக்குப் பரீட்சை வந்தால் அந்த வங்கி மேலாளர் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்த வாரம் என்னை யார் சோதிக்கிறார்கள்? தணிக்கை வருகிறதா? சம்பந்தி வீட்டாரா?

தேர்வுக்கு இப்போதே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. பாரிஸில் மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதிய 719 மாணவர்களிடம் இசபெல் அர்னுல்ஃப் குழுவினர் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2014-ல் வந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு பத்தில் ஆறு பேர் அந்தத் தேர்வையே கனவில் கண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை கெட்ட கனவுகள்: தாமதமாகப் போகிறார்கள், விடைகள் மறந்துபோகின்றன. ஆனால் அப்படிக் கண்டவர்கள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். கனவு மதிப்பெண் போட்டது என்று இதற்குப் பொருளில்லை. தேர்வை அதிகமாக மனத்தில் வைத்திருந்தவர்கள் அதிகமாகப் படித்திருக்கலாம். கனவிலும் ஒத்திகை பார்த்திருக்கலாம். நீட் தேர்வுக்கு முந்தைய நாள் ‘ஃபெயில் ஆகிற மாதிரி கனவு வந்துச்சும்மா’ என்று அழும் பிள்ளையிடம், நெற்றியில் திருநீறு பூசிவிட்டு இதையும் சொல்லுங்கள்.

பகலில் செய்த வேலை இரவில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டு 2000-ல் காட்டிய சான்று நெஞ்சைத் தொடுகிறது. 27 பேரை ‘டெட்ரிஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆடவைத்தார். தூங்கத் தொடங்கும் நேரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண்முன் அந்தக் கட்டைகள் சரிந்து விழுந்துகொண்டிருந்தன. ஆடிய 27 பேரில் ஐந்து பேர் புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத நோயாளிகள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. அவர்களிலும் மூன்று பேர், இது என்னவென்று தெரியாமலே, விழும் கட்டைகளைப் பார்த்தார்கள்.

கண்ணகி ஏன் சொன்னாள்?

சிலப்பதிகாரத்தில் கனவுக்கென்றே ஒரு காதை இருக்கிறது, கனாத்திறம் உரைத்த காதை. கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கனவைச் சொல்கிறாள்: கணவன் கைப்பிடித்து அழைத்துப்போக, ஒரு பெரிய நகருக்குள் நுழைகிறார்கள். அங்கே தேள் இடுவதுபோல ஒரு பொய்ப்பழி வந்து சேர்கிறது. கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது கேட்டு அரசன் முன் வழக்குரைக்கிறாள். ஊருக்கும் அரசனுக்கும் கேடு வருகிறது. இளங்கோவடிகள் இதை முன்னறிவிப்பாகவே வைத்திருக்கிறார். காப்பியத்தின் கட்டுமானம் அப்படி. ஆனாலும் அந்தக் கனவை ஒரு பெண்ணின் கனவாகவும் படித்துப் பார்க்கலாம். கணவன் இன்னொருத்தி வீட்டில். செல்வம் கரைகிறது. பகலில் வாய் திறந்து ஒரு வார்த்தை புகார் சொல்லாதவள் கண்ணகி. கனவில் அவள் அரசவையில் நின்று பேசுகிறாள். பகலில் அடக்கிய குரல் அங்கேதான் முதல்முறையாக எழுகிறது.

தேவந்தி ஒரு பரிகாரம் சொல்கிறாள்: குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம். அது நமக்குப் பெருமை இல்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஒரு தோழியிடம் சொல்லிவிட்டதே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கெட்ட கனவை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வழக்கம் பயத்தைப் பூட்டி வைக்கிறது.

சொல்லவே முடியாத நாட்டில் கனவு என்ன ஆகும்? பெர்லினில் வாழ்ந்த சார்லட் பெராட் என்ற பத்திரிகையாளர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 முதல் தான் நாட்டை விட்டுத் தப்பிய 1939 வரை, தையற்காரர், அண்டை வீட்டார், மருத்துவர் என்று கண்டவரிடமெல்லாம் கனவுகளைக் கேட்டு 300-க்கு மேல் சேர்த்தார். பிடிபட்டால் உயிர் போகும். அதனால் ஹிட்லருக்கு ‘ஹான்ஸ் மாமா’, கைதுக்கு ‘ஃப்ளூ காய்ச்சல்’ என்று சங்கேதம் வைத்து எழுதி, குறிப்புகளைப் புத்தக அட்டைக்குள் ஒளித்தார். 1966-ல் அவை நூலாயின.

அதில் முதலில் வரும் கனவு, அறுபது வயதான ஒரு தொழிற்சாலை முதலாளியுடையது. ஹிட்லர் பதவியேற்ற மூன்றாம் நாள் கண்டது. பின்னர் ஹிட்லரின் அமைச்சரான கோயபல்ஸ் தொழிற்சாலைக்கு வருகிறார். தொழிலாளர்கள் எதிரே இவர் கையை உயர்த்தி வணக்கம் வைக்க வேண்டும். கை எழவில்லை. அணு அணுவாகத் தூக்குகிறார். அரை மணி நேரம் ஆகிறது. முழுதாக உயர்த்தியதும் கோயபல்ஸ், “உன் வணக்கம் எனக்கு வேண்டாம்” என்று திரும்பி நடக்கிறார். தன் ஆட்கள் முன் தூக்கிய கையோடு முதலாளி நிற்கிறார். வரப்போகும் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. அவருடைய சுயமரியாதைக்கு அந்த மூன்று நாளில் என்ன நேர்ந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அதுவும் தூக்கத்தில்.

அலுவலகத்தில் மேலாளர் முன் பேச்சு வராமல் நிற்பதாகவும், ஆடையில்லாமல் கூட்டத்தில் நிற்பதாகவும் நமக்கு வரும் கனவுகள் இதன் சிறிய உறவினர்கள்.

மாற்றி எழுதலாம்

நல்ல கனவைவிடக் கெட்ட கனவு ஏன் அதிகம் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், எல்லோருக்கும் அப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால் தன் வாழ்நாளில் 50,000-க்கும் மேற்பட்ட கனவுகளைத் திரட்டினார். அவரும் ராபர்ட் வான் டி காசிலும் 1966-ல் வெளியிட்ட பகுப்பாய்வில், கனவில் வரும் உணர்ச்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பயம், கோபம், துக்கம், குழப்பம் ஆகியவையே. கெட்ட கனவு வருவது கெட்ட காலத்துக்கு அறிகுறி என்றால் உலகத்தில் யாருக்கும் நல்ல காலமே இருக்க முடியாது.

ஆனால் ஒரே கனவு வாரத்தில் பலமுறை வந்து எழுப்பினால், தூங்கவே பயமாக இருந்தால், அதைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மருத்துவத்தில் எளிய வழி இருக்கிறது. பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதுங்கள். பிறகு அதை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி எழுதுங்கள். துரத்துகிறவன் தடுக்கி விழட்டும்; கதவு திறக்கட்டும்; ஊரே திரண்டு வரட்டும். மாற்றிய வடிவத்தைத் தினமும் பத்து நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பேரி கிராக்கோவும் உடனிருந்தவர்களும், பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட 168 பெண்களிடையே இந்த முறையைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் கொடுங்கனவுகள் கணிசமாகக் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. பெரிய துயரத்திலிருந்து எழும் கனவு என்றால் மனநல மருத்துவரின் துணையோடு செய்வது நல்லது.

குழந்தைகளுக்கும் இது பொருந்தும், வரையச் சொன்னால் இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் பிரித்து அறிய வேண்டும். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தை வீறிட்டு எழுந்து, கண் திறந்தபடி யாரையும் அடையாளம் தெரியாமல் அலறி, மறுபடி தூங்கி, காலையில் எதுவுமே நினைவில்லை என்றால் அது கனவு இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் நேரும் அரைகுறை விழிப்பு. காத்துக் கருப்பும் இல்லை. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வளர வளரப் பெரும்பாலும் போய்விடும்.

வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர் தூக்கத்தில் கனவுக்கு ஏற்ப உதைக்கிறார், குத்துகிறார், கத்துகிறார், கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால் மட்டும் சிரித்துவிட்டு விடாதீர்கள். ரெம் தூக்கத்தில் உடம்பை நிறுத்திவைக்கும் பூட்டு பழுதாவதன் அடையாளமாக அது இருக்கலாம். 1986-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் மருத்துவர்கள் ஷெங்க், மஹோவால்டு இருவரும் இதை ஒரு நோயாக வரையறுத்தார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயோ அதைச் சேர்ந்த நோயோ வருகிறது என்று பின்னர் தெரிந்தது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

தன் கனவைத் தானே படித்துப் பழக விரும்புகிறவருக்கு வேண்டியது ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும்தான். விழித்ததும் புரளாமல், செல்போனை எடுக்காமல், அப்படியே கிடந்து பின்னோக்கிப் போக வேண்டும். ரெம் தூக்கத்தில் நினைவைப் பதியவைக்கும் ரசாயனங்களில் ஒன்றான நார்அட்ரினலின் சுரப்பு நின்றுபோகிறது. அதனால் கனவு சில நிமிடங்களில் கரைந்துவிடும். என்ன பார்த்தீர்கள் என்பதைவிட என்ன உணர்ந்தீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு, இதே உணர்ச்சி இந்த வாரம் எங்கே வந்தது என்று தேடுங்கள். நேற்று மட்டும் பார்த்தால் போதாது. நடந்து ஐந்து முதல் ஏழு நாள் கழித்தும் ஒரு நிகழ்ச்சி கனவில் தலைகாட்டும் என்று மாண்ட்ரியலைச் சேர்ந்த டோரே நீல்சன் காட்டியிருக்கிறார். பாம்பு வந்தால் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். வயலில் தினம் பாம்பு பார்க்கும் விவசாயிக்கும், சின்ன வயதில் தம்பியைப் பாம்புக்கடியில் பறிகொடுத்த அக்காவுக்கும், பாம்பைப் படத்தில் மட்டுமே பார்த்த ஐ.டி. ஊழியருக்கும் ஒரே பலன் எப்படி இருக்க முடியும்?

அம்மா வந்திருந்தாள்

கடைசியாக, நம் வீடுகளில் மற்றெல்லாக் கனவையும்விடக் கனமாக வந்து இறங்கும் கனவு. இறந்தவர் வருவது.

“அப்பா வாசல்ல நின்னாரு. பசிக்குதுன்னாரு.” அன்றைக்கே காக்கைக்குச் சோறு வைக்கப்படும்; அமாவாசைக்குப் படையல் போடப்படும்; வசதியுள்ளவர்கள் அன்னதானம் செய்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. இறந்தவருக்குக் கொடுக்க நினைத்துக் கொடுக்க முடியாமல் போன ஏதோ ஒன்று அந்தப் பிள்ளையிடம் பாக்கி இருக்கிறது. கடைசி நாட்களில் அப்பா கேட்ட மீன்குழம்பைச் சர்க்கரை, உப்பு என்று சொல்லி மறுத்திருப்பான். பக்கத்தில் இருக்க விடுப்பு கிடைத்திருக்காது. கனவு அந்தப் பாக்கியைக் கேட்கிறது. படையல் அதற்கொரு வடிவம் தருகிறது. படையலோடு, அப்பாவைப் பற்றி அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசவும் செய்தால் இன்னும் நல்லது.

சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற உளவியலாளர், மணமுறிவால் மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் கனவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பிரிந்த துணையைப் பற்றி உணர்ச்சியோடு, விரிவாகக் கனவு கண்டவர்கள், அப்படிக் காணாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பிரிவு எதுவானாலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். போனவர் கனவில் வருவதைத் தடுக்கக் கயிறு மந்திரித்துக் கட்டுவதைவிட, வந்தவரோடு என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பது மனத்துக்கு மருந்தாகலாம்.

இறந்தவர் கனவில் கூப்பிட்டால் போகக்கூடாது என்பார்கள். படுக்கையில் கிடக்கும் பாட்டி, “எங்கம்மா வந்து பக்கத்துல உக்காந்திருந்தா” என்று சொன்னால் வீடு திடுக்கிடும். யாராவது, “சும்மா உளறாதே பாட்டி” என்று அதட்டுவார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், மரணத்தை நெருங்கிய நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தில், கிறிஸ்டோபர் கெர் என்ற மருத்துவர் இத்தகைய கனவுகளை முறையாகப் பதிவு செய்தார். 2014-ல் வெளியான ஆய்வில் 59 நோயாளிகள். தினமும் அவர்களிடம் கேட்டதில், 88 சதவீதம் பேர் குறைந்தது ஒரு கனவையோ காட்சியையோ சொன்னார்கள். முடிவு நெருங்க நெருங்க, இறந்துபோன உறவினர்கள் வருவது கூடியது. உயிரோடிருப்பவர்கள் வந்த கனவுகளைவிட அவையே அவர்களுக்கு அதிக ஆறுதல் தந்தன. அவர்கள் பிதற்றவில்லை, தெளிவோடு பேசக்கூடியவர்களாகவே இருந்தார்கள்.

ஆகவே பாட்டி சொன்னால் அதட்ட வேண்டாம். கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்கம்மா என்ன புடவை கட்டியிருந்தாங்க? என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள்.